பேர் சொல்லக் கூடாதவன்

அன்று மதியம் மேசையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரி டோன்யா நுன்சியா. அவள் மகள் ஐரீஸ், பாடகி. ஐரீஸின் கணவன் லிசாந்த்ரோ, பெர்லா தியேட்டர் இசைக்குழுவில் வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வியோலா வாசிப்பவன். ஐரீஸின் அண்ணன் ஆத்திலியோ. அவ்வளவுதான். ஒரு காலத்தில் பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த மேசை. இரண்டு வருடமாக வெளியாள் யாரும் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை.

கிழமை திங்கள். புவனோஸ் அயர்ஸில் எல்லா வீட்டிலும் ஞாயிறு மதியம்தான் ராவியோலி, பூரணம் வைத்து அவித்த மாவுத் துண்டுகள். இந்த வீட்டில் ஞாயிறன்று ஆண் பெண் எல்லோரும் எங்காவது மேடையில் இருப்பார்கள். அதனால் தியேட்டர் மூடியிருக்கும் திங்களில்தான் நுன்சியா மாவு பிசைவாள். அன்றைக்குத் தியேட்டர் மூடவில்லை. நாலு மணிக்கு முழு ஒத்திகை.

எதற்கு ஒத்திகை என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்; புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடம் பெர்லாவின் கோரஸில், வேலைக்காரி வேஷத்திலும் ஜிப்ஸி வேஷத்திலும் பின்வரிசையில் நின்ற ஐரீஸுக்கு ஒரு முழு இரவைக் கொடுத்திருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை. முன்பாதி ஓபரா, பின்பாதி தெருப் பாட்டான டாங்கோ. ஒரே மேடை, ஒரே இசைக்குழு, ஒரே தொண்டை.

அவளுக்கு நாற்பத்தொன்று. டிசம்பரில் கோரஸிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று வாய்விட்டுச் சொல்லாமலே சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை நன்றாக அமைந்தால் அடுத்த வருடம் தனிப் பாடகி. அமையாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குப் பாட்டு வாத்தியார்.

ஓபராக்காரர்கள் அவளைச் சேற்றில் கால் வைத்தவள் என்றார்கள். டாங்கோக்காரர்கள், தெருமுனையில் ரொட்டி வாங்கக்கூட மகாராணி மாதிரிக் கேட்கிறாள் என்றார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. இரண்டையும் ஒரே குரலில் உட்கார வைத்தது ஆத்திலியோ. தன் பாண்டோனியன் என்ற துருத்திப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆறு வருடம் இதே சமையலறையில் அவளை உட்காரவைத்து அடித்துத் திருத்தினான். "பாடாதடி. முதல்ல சொல்லு. சொல்லிட்டு, வரி முடியற எடத்துல மட்டும் அந்த ஓபரா மூச்ச அவுத்து விடு." அப்படித்தான் வந்தது அந்தக் குரல். வெள்ளிக்கிழமை பாடப்போகும் டாங்கோ எல்லாம் அவன் போட்டது. நாற்பது பேர் வாசிக்கும்படி எழுதியதும் அவன்தான்.

ஆனால் அந்த நாற்பது பேரில் ஒருவனும் அவன் பேரைச் சொல்ல மாட்டான்.

யெத்தா. அந்த ஊரில் அதற்கு அதுதான் வார்த்தை. பீடை பிடித்தவன், கால் வைத்த இடம் விளங்காதவன். ஒருவன் மேல் அந்தப் பேச்சு விழுந்துவிட்டால் அவன் சொந்தப் பேர் செத்துவிடும். சொன்னால் சொன்னவனுக்கும் ஒட்டிக்கொள்ளும். "அவரு" என்பார்கள். "அந்தப் பெட்டிக்காரர்" என்பார்கள். அவன் எதிரே வந்தால், பீடை ஒட்டாமல் இருக்க, ஆண்கள் கால்சட்டைப் பைக்குள் இடது கையை விட்டு இடப்பக்கத்தைத் தொட்டுக்கொள்வார்கள். பெண்கள் இடது மார்பை. படித்தவர்கள் செய்ய மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். படித்தவர்கள் கொஞ்சம் நாசூக்காகச் செய்வார்கள், அதுதான் வித்தியாசம்.

ஆத்திலியோ வாசித்த இரவில் ஒரு கிளப்பின் கூரை ஒழுகியது. அவனோடு கை குலுக்கிய ஒரு பாடகர் மறுவாரம் மாரடைப்பில் போனார். ஒரு இசைக்குழுவின் பஸ் ரொசாரியோ போகும் வழியில் கவிழ்ந்தது. கூரை பத்து வருடமாக ஒழுகிக்கொண்டிருந்த கூரை. பாடகருக்கு எண்பது வயது. பஸ்ஸில் அவன் ஏறவே இல்லை. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? இரண்டு வருடமாக அவனை யாரும் வாசிக்கக் கூப்பிடவில்லை. பாண்டோனியன் ரிப்பேர் செய்து பிழைத்தான். அதையும் ஆட்கள் வேறு யாரிடமாவது கொடுத்துதான் அனுப்புவார்கள்.

"இன்னும் ரெண்டு போடட்டா?" என்றாள் நுன்சியா, கரண்டியைத் தூக்கிக்கொண்டு.

"வேணாம்மா. நாலு மணிக்குப் பாடணும்."

"பாடறவளுக்கு வயிறு கிடையாதா?"

"வயித்த ராவியோலி அடைச்சுக்கிட்டா மூச்சு எங்கம்மா போகும்?"

"அவ மூச்சு போற எடத்துல உன் ராவியோலி என்ன, இந்த மேசையையே உள்ள தள்ளலாம்" என்றான் ஆத்திலியோ. "எனக்குப் போடு. எனக்கு மூச்சு பெட்டியில இருக்கு."

நுன்சியா சிரித்தாள். லிசாந்த்ரோ சிரிக்கவில்லை. ஒயினில் சோடாவை ஊற்றினான். பிறகு சோடாவில் ஒயினை ஊற்றினான். தட்டில் எதுவும் குறையவில்லை.

"மாப்பிள்ளைக்கு என்ன இன்னிக்கு?" என்றாள் நுன்சியா. "நாக்க தியேட்டர்லயே மறந்து வச்சுட்டு வந்துட்டீங்களா?"

"தலைவலி அத்தை."

"அதுக்குத்தான் சாப்பிடச் சொல்றேன்."

லிசாந்த்ரோ எழுந்தான். "ஐரீஸ், கொஞ்சம் வா."

பின்கட்டு முற்றத்தில் துணி காயவில்லை. மூன்று நாளாக வெயில் இல்லை. ஈரப் போர்வைகளுக்கு நடுவே இரண்டு பேரும் நின்றார்கள். லிசாந்த்ரோ தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டான், உள்ளே கேட்கக் கூடாதென்று.

"சனிக்கிழமை ஷோ முடிஞ்சதும் எல்லாரும் கூடிப் பேசினாங்க."

"எல்லாரும்னா?"

"ஆர்கெஸ்ட்ரா."

"நீயும் இருந்தியா?"

"இருந்தேன். வெள்ளிக்கிழமை வாசிக்கறோம்னுதான் சொல்றாங்க. ஐரீஸுக்காக உசிரக் கொடுத்து வாசிக்கறோம், ஆனா அவரு மேடையில இருக்கக் கூடாது."

"எவரு?"

லிசாந்த்ரோ சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"பேரச் சொல்லு. உன் மச்சான் பேருதான?"

"விடு ஐரீஸ்."

"சொல்லேன்."

தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் ஈரப் போர்வையின் ஓரத்தைப் பிழிந்தான். ஒன்றும் சொட்டவில்லை.

"உனக்குமா?" என்றாள் அவள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எதுக்கு? ஒத்திகை அன்னிக்குப் போய் எதுக்கு?" அவசரமாகத் தொடர்ந்தான். "ரேடியோவுலேருந்து ஒருத்தரப் பாத்து வச்சிருக்காங்க. நல்ல கை. உங்கண்ணன் எழுதினதையே வச்சு வாசிப்பாரு. ஒரு சுரம் மாறாது."

"நான் வர மாட்டேன்னு சொல்லு. எங்கண்ணன் இல்லாம அந்த மேடையில ஏற மாட்டேன்."

"நீயே சொல்லிக்கோ. நான் சொன்னா நாளைக்கு என் பக்கத்துல உட்கார ஆள் இருக்காது."

"அப்படியா?"

"அப்படித்தான். நம்ம ரெண்டு பேரும் அந்தத் தியேட்டர்லதான் சோறு திங்கறோம். இந்த வெள்ளிக்கிழமை போச்சுன்னா உனக்கு இன்னொரு வெள்ளிக்கிழமை வராது. அதையும் யோசி."

அவன் சொன்னது சரி. அதனால்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. குழாயை மூடினாள்.

சமையலறை வாசலில் ஆத்திலியோ தட்டுகளோடு நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. இரண்டு வருடமாகக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே பழகியவன்.

"மாப்ளே," என்றான், "நான் திரைக்குப் பின்னாடி உட்காந்துக்கறேன்னு சொல்லிப் பாருங்க. சத்தம் மட்டும் முன்னாடி வரட்டும். மூஞ்சி எதுக்கு? என் மூஞ்சிய எங்கம்மாவே சகிச்சுக்கிட்டுத்தான் பாக்கறா."

"நீ வாய மூடு" என்றாள் ஐரீஸ். "உன் நாற்காலி என் பக்கத்துல. எல்லாரும் பாக்கற மாதிரி. இல்லேன்னா பாட்டே கிடையாது."

"சரிங்க மகாராணி."

அவன் சொன்ன விதம் விளையாட்டுதான். ஆனால் தட்டுகளைத் தொட்டியில் வைத்துவிட்டு நேராகப் பாண்டோனியனைத் துடைக்கப் போனான். அவனுக்கும் அந்த மேடை வேண்டியிருந்தது. அதை அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

கிளம்பும்போது நுன்சியா அவன் மடியில் விரிக்கும் கருப்புத் துணியைத் தேய்த்துக் கொடுத்தாள். ரொட்டிக்கடையில் அவள் கையில் ரொட்டியைக் கொடுக்காமல் பலகை மேல் வைத்துத் தள்ளுகிறார்கள் என்பதை அவள் மகனிடம் சொன்னதில்லை. "யார் கண்ணையும் பாக்காத. வாசிச்சுட்டு வா" என்றாள்.

"வாசிக்கறவன் எங்கம்மா கண்ணத் தொறக்கறான்?"

பஸ்ஸில் மூன்று பேரும் சேர்ந்துதான் ஏறினார்கள். லிசாந்த்ரோ இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தான். வியோலாவுக்கு இடம் வேண்டும் என்றான். வியோலா மடியில் இருந்தது.

ஜூலைக் குளிர்; அந்த ஊரில் அப்போதுதான் குளிர்காலம். திங்கட்கிழமை என்பதால் பெர்லாவில் கணப்பு போடவில்லை. இசைக்குழு மேடையிலேயே மேல்கோட்டும் மப்ளருமாக உட்கார்ந்திருந்தது. வெறும் நாற்காலிகள் இருட்டில் வரிசையாகக் கிடந்தன. ஐரீஸ் முன்னால் வந்தாள். ஆத்திலியோ பின்னால். அவன் மேடை விளக்குக்குள் கால் வைத்ததும் சுருதி சேர்க்கும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

இடது கைகள் பைக்குள் போயின. வயலின்காரர்களுக்கு இடது கையில்தான் வயலின். சிலர் அதை மடியில் கிடத்திவிட்டுக் கையைப் பைக்குள் விட்டார்கள். செலோ வாசிக்கும் அம்மாள் கோட்டின் மேல் பொத்தானைச் சரிசெய்வது மாதிரி மார்பைத் தொட்டுக்கொண்டாள். இரும்பைத் தொட்டால் பீடை விலகும் என்று யாரோ சாவிக்கொத்தைக் குலுக்கினார்கள்.

ஆத்திலியோ யார் கண்ணையும் பார்க்கவில்லை. நாற்காலியைத் தேடினான். நாற்காலி போடவில்லை.

ஐரீஸ் போய்ப் பின்வரிசையிலிருந்து ஒன்றை இழுத்துவந்தாள். மரத்தரையில் அது கிறீச்சிட்டது. தன் வலப்பக்கம் போட்டாள்.

"மேஸ்த்ரோ, ஒரு நிமிஷம். இவங்ககிட்ட பேசணும்."

இசைக்குழுவை நடத்தும் மேஸ்த்ரோ பெலிசாரியோ களைத்த மனிதர். தடியைத் தாங்கியில் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அதற்கு அனுமதி என்று அர்த்தம்.

"இவர் என் அண்ணன்" என்றாள் ஐரீஸ். "உங்க எல்லாருக்கும் முன்னாடி இருக்கற தாள்ல இருக்கறது இவர் எழுதினது. அதத் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்க. கை விழுந்துடல இல்ல? இவர் பக்கத்துல உட்காந்து வாசிச்சா மட்டும் என்ன ஆயிடும்?"

பின்னாலிருந்து ரிவாரோலா எழுந்தார். டபுள்பாஸ் வாசிப்பவர். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. கெட்ட மனிதர் இல்லை. ஐரீஸுக்கு மூச்சுக்குழாய் அழற்சி வந்தபோது தினமும் தேன் கொண்டுவந்து கொடுத்தவர்.

"அம்மணி, உன் மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. அவரு வாசிப்பு மேலயும் இல்ல. ஆனா பஸ் கவுந்துச்சா இல்லையா?"

"அந்த பஸ்ல அவர் ஏறவே இல்லையே!"

"அதத்தான் நானும் சொல்றேன். டிக்கெட் எடுத்தாரு, ஏறல. கவுந்துச்சு."

"அப்ப ஏறியிருந்தா கவுந்திருக்காதா?"

"ஏறியிருந்தா நேரா ஆத்துக்குள்ள போயிருக்கும்."

சிரித்தார்கள். ஆத்திலியோவும் சிரித்தான். நல்ல பதில்தானே.

மேஸ்த்ரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எனக்கு ஆறரைக்கு வீட்டுக்குப் போகணும். இன்னிக்கு அவர் இருக்கட்டும். வெள்ளிக்கிழமைய வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம். முதல் டாங்கோ."

பாண்டோனியன் மட்டும் தொடங்கும் பாட்டு அது. ஆத்திலியோ துணியை முழங்காலில் விரித்து, பெட்டியை வைத்து, துருத்தியை மெதுவாக இறங்கவிட்டான். இரண்டு வருடம் ஒரு சமையலறைக்கு மட்டும் வாசித்தவன், ஆயிரம் காலி நாற்காலிக்கு வாசித்தான். ஐரீஸ் சொல்வது மாதிரித் தொடங்கினாள், தெருவில் தெரிந்தவனைப் பார்த்துப் பேசுவது மாதிரி. வரியின் முடிவில் மூச்சை அவிழ்த்தாள். அது மேல்மாடம் வரைக்கும் போய் அங்கே நின்றது. கீழே நாற்பது பேர் அவன் எழுதியபடியே அதைத் தாங்கிப் பிடித்தார்கள்.

பாட்டு முடிந்ததும் செலோ அம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

"இது நல்லா இருக்கு" என்றார் மேஸ்த்ரோ. அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

அங்கேயே விட்டிருக்கலாம். அடுத்த பாட்டுக்குப் போயிருக்கலாம். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றும் நேரத்தில் மனுஷிக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன ரிவாரோலா," என்றாள் ஐரீஸ், "கூரை விழுந்துச்சா? நீங்கதான இந்தப் பேச்ச முதல்ல கிளப்பி விட்டது? இப்ப என்ன சொல்றீங்க?"

ரிவாரோலாவின் முகம் சிவந்தது. நாற்பது பேர் முன்னால் பேச்சு வாங்கிப் பழக்கமில்லாதவர்.

"நானா? எங்கம்மா சத்தியமா நான் இல்ல. எனக்குச் சொன்னது உன் வீட்டுல உட்காந்து சாப்பிடற ஆளு. அங்க போய்க் கேளு."

"யாரு?"

"சும்மா இருங்க" என்றார் மேஸ்த்ரோ. "ரெண்டாவது பாட்டு." தடி மேலே போய்விட்டது.

தடி மேலே போனால் பாடகி பாட வேண்டும். பத்தொன்பது வருடப் பழக்கம். ஐரீஸ் பாட ஆரம்பித்தாள். வாய் பாடியது. தலை எண்ணியது. அவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் யார்? அம்மா. அண்ணன். அப்புறம் யார்?

வியோலா வரிசையைப் பார்த்தாள். லிசாந்த்ரோ தலையைக் குனிந்து தாளை மட்டும் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தான். அந்தப் பகுதி அவனுக்கு மனப்பாடம். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பான்.

அந்த வரி வந்தது. அந்தப் பாட்டே அந்த வரிக்காகத்தான். 'எனக்காக விளக்கை அணைக்காதே' என்று பேச்சாகத் தொடங்கி, பேச்சு தாங்காமல் பாட்டாக மாறி, உச்சத்தில் போய் நிற்க வேண்டும். அவள் குரலில் டாங்கோ முடிந்து ஓபரா தொடங்கும் இடம். அதற்கு முன்னால் ஆழமாக ஒரு மூச்சு எடுக்க வேண்டும். ஆறு வருடமாக எடுத்த மூச்சு. அவள் எடுக்கவில்லை. மறந்துவிட்டாள்.

உச்சத்தில் குரல் உடைந்தது. பழைய துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். வெற்று அரங்கம் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது.

எல்லாம் நின்றது.

பாடகிக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் அதுதான். தொண்டை போய்விட்டதோ என்ற பயம். அந்தப் பயத்தில் ஐரீஸ் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தாள். ஆத்திலியோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், துருத்தி பாதி விரிந்தபடி.

அவள் கை எழுந்தது. அவளைக் கேட்கவில்லை. எழுந்து இடது மார்பில் போய் ஒட்டிக்கொண்டது.

உடனே எடுத்தாள். ஆனால் மேடை விளக்குக்கு நடுவில் நிற்கிறவளின் கை அது. நாற்பது பேர் பார்த்தார்கள். மேஸ்த்ரோ பார்த்தார். ரிவாரோலா பார்த்துவிட்டு, ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்தது மாதிரித் தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் இல்லை.

ஆத்திலியோ துருத்தியை மூடினான். கொக்கிகளை மாட்டினான். முழங்கால் துணியை நாலாக மடித்தான். பெட்டிக்குள் வைத்தான். எதிலும் அவசரம் இல்லை. வேலை முடிந்த ஆள் கடையைச் சாத்துகிற மாதிரி.

"மேஸ்த்ரோ, அந்த ரேடியோக்காரரக் கூப்பிட்டுக்குங்க. எல்லாம் எழுதியே இருக்கு. மூணாவது பாட்டுல ஒரு எடம் கொஞ்சம் வேகமா போட்டிருக்கேன். அவர் சௌகரியத்துக்கு நிதானமா எடுத்துக்கட்டும்."

மேஸ்த்ரோ தலையாட்டினார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தார். கூடவே பேரைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை.

"அந்த வரிக்கு முன்னாடி மூச்சு எடுக்க மறந்துட்ட" என்றான் ஆத்திலியோ தங்கையிடம். "தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. பயப்படாத."

அவன் நடந்தான். வியோலா வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். லிசாந்த்ரோ காலை உள்ளே இழுத்துக்கொண்டான், வழிவிடுவதற்கு. எழுந்திருக்கவில்லை.

ஐரீஸ் அவனைக் கலைஞர்கள் வாசலுக்குப் போகும் நடையில் பிடித்தாள். சுவரெல்லாம் பழைய நாடகங்களின் அட்டை மரங்கள் சாய்த்திருந்தன.

"அண்ணா, நில்லு."

நின்றான்.

"கை தானாப் போச்சு."

"தெரியும்."

"எனக்கு அதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது. உனக்குத் தெரியாதா?"

"உனக்குக் கிடையாது. உன் கைக்கு இருக்கு. யோசிச்சுப் பண்ணியிருந்தா சண்டை போட்டிருப்பேன். இதுல யாரோட சண்டை போடறது?"

"திரும்பி வா. நான் பேசறேன். அவங்க கால்ல வேணாலும் விழறேன்."

"அவங்கள விடு. நான் வந்து உட்காந்துட்டேன்னு வச்சுக்கோ. வெள்ளிக்கிழமை அந்த வரி வரும்போது என் பக்கம் பாப்பியா, மாட்டியா?"

அவள் வாயைத் திறந்தாள். மாட்டேன் என்று சொல்லத்தான். ஆனால் அந்த வார்த்தைக்கும் மூச்சு வரவில்லை.

"பாப்ப" என்றான் அவன். "பாத்தா உடையும். அவ்வளவுதான் கணக்கு."

"நீ இல்லாம அது பாட்டே இல்ல."

"பாட்டு உன்கிட்ட இருக்கு. ஆறு வருஷம் உன்ன நான் சும்மாவா திட்டினேன்?"

வாசலில் காவலாளி ஃபாரியாஸ் எழுந்து நின்றார். அவரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கதவைத் திறந்தார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஆத்திலியோ கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். பெட்டியை மழை படாமல் கோட்டுக்குள் அணைத்தான். படியில் ஒரு கால் வைத்தபின் திரும்பினான்.

"ஐரீஸ். மாப்பிள்ளகிட்ட இப்ப எதுவும் கேக்காத."

அவள் அவன் கோட்டுக் கையைப் பிடித்தாள்.

"வெள்ளிக்கிழமை முடியற வரைக்கும் கேக்காத. கேட்டா நீ பாட மாட்ட."

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சுமா இத்தன நாளா அவரோட உட்காந்து சாப்பிட்ட?"

"அம்மா ராவியோலி நல்லா பண்ணுவா" என்றான்.

இறங்கினான். தெருவில் அவனுக்கு எதிரே குடையோடு வந்த ஒரு ஆள் நடைபாதையை விட்டுக் கீழே இறங்கி நடந்தான். அவனைத் தெரிந்துதான் இறங்கினானா, தண்ணீர் தேங்கியிருந்ததாலா என்று சொல்ல முடியாது. ஐரீஸால் சொல்ல முடியவில்லை.

உள்ளே ஓபோ என்ற குழல் ஒரு சுரத்தை நீட்டிக் கொடுத்தது. மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு சுருதி சேர்த்தார்கள். அவள் வருவாள் என்று அவர்களுக்குத் தெரியும். வியோலாக்களின் சத்தம் தனியாகக் கேட்டது. அல்லது அவள் காதுக்குத் தனியாகக் கேட்டது.

"அம்மா," என்றார் ஃபாரியாஸ், "ஒத்திகை நேரத்துல இந்தக் கதவு தொறந்துதான் இருக்கும். ஆனா அவரு வெளிய போனா பூட்டிடுங்கன்னு மேலேருந்து ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போனாரு. நீங்க அவரு தங்கச்சி. நீங்க என்ன சொல்றீங்களோ அப்படிச் செய்யறேன்."

திறந்திருந்தால் அவள் பாடும்போதெல்லாம் இந்த வாசலைத்தான் நினைப்பாள். வருவானோ என்று நினைப்பாள். வந்துவிடுவானோ என்றும் நினைப்பாள். இரண்டில் எது அவளுக்கு வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. அதுதான் அந்த நாளில் நடந்த எல்லாவற்றிலும் கேவலமானது.

"பூட்டிடுங்க" என்றாள்.

ஃபாரியாஸ் கதவைச் சாத்தினார். சாவி துருப்பிடித்த பூட்டுக்குள் ஒரு தரம் சுற்றியது, நின்றது, அவர் தோளைக் கொடுத்து அழுத்தியதும் இன்னொரு தரம் சுற்றியது.